ஒரே எழுத்துக்கூட்டம், ஒரே குடும்பம்: நீண்ட ஆங்கிலச் சொற்களை உடைத்துப் படிக்க ஒரு வன்னி வழிகாட்டி

விசுவமடுவில் நான் பாடம் எடுக்கிற கொட்டிலில் ஒருநாள் கரும்பலகையில் ‘மீள்குடியேற்றப்பட்டவர்களுக்கு’ என்று எழுதினேன். பத்தாம் ஆண்டுப் பெடியன் ஒருவன் மூச்சு விடாமல் வாசித்தான். எத்தனை எழுத்து என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணி 17 என்றான். அதற்குக் கீழே றீசெற்றில்மென்ற் என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதினேன். 12 எழுத்து.

“ஐயோ ரீச்சர், இது பெரிய சொல்லெல்லோ?”

17 எழுத்துக்குப் பயப்படாதவன் 12 எழுத்துக்குப் பயப்பட்டான். தமிழ்ச் சொல்லில் மூட்டு எங்கே இருக்கிறதென்று அவனுக்குத் தெரியும். மீள், குடி, ஏற்று, பட்ட, அவர்கள், கு என்று நாக்கு தானாகப் பிரித்துக்கொள்கிறது. ஆங்கிலச் சொல்லில் மூட்டைக் காட்டிக்கொடுக்க யாரும் இல்லாததால் அது ஒரே கட்டையாகத் தெரிகிறது. கட்டையைத் தோளில் தூக்காதீர்கள், தறித்துக் கொண்டுபோங்கள். பல சொற்களுக்குப் பொதுவாக வருகிற எழுத்துக்கூட்டம் எங்கே இருக்கிறதோ, அநேகமாக அங்கேதான் மூட்டு இருக்கும். கருத்தும் அங்கேதான் குந்தியிருக்கும்.

எழுத்துகளை நான் எழுதும் முறை பற்றி ஒரு சொல். எங்கள் வழக்கப்படி ரீச்சர் தொடங்குகிற எழுத்து ரி, டொக்டர் தொடங்குகிற எழுத்து டி. றோட்டு தொடங்குகிறது ஆர். இதை மனதில் வைத்தால் மற்றதெல்லாம் விளங்கும்.

முதற்படி: சொல்லை வீட்டில் தேடுங்கள்

இணையத்தில் ‘கடினமான 100 சொற்கள்’ என்று வருகிற பட்டியல்களைப் பாடமாக்காதீர்கள். அந்தச் சொற்களை நீங்கள் மறுபடி சந்திக்கப் போவதில்லை. அம்மாவின் கிளினிக் கொப்பி, அப்பாவின் மருந்துப் போத்தல், வங்கிக் கடன் படிவம், றோட்டுக்கரையில் துருப்பிடித்து நிற்கும் திட்டப் பலகை, இவை போதும். ஒன்பது எழுத்துக்கு மேற்பட்ட சொல் எதைக் கண்டாலும் கொப்பியில் எழுதுங்கள். ஒரு கிழமையில் 20 சொல் சேர்ந்துவிடும். கருத்து எழுத வேண்டாம். எழுத்துப் பிழையில்லாமல் எழுதினால் போதும்.

இரண்டாம் படி: வாலை முதலில் வெட்டுங்கள்

சேர்த்த சொற்களின் கடைசி நாலைந்து எழுத்தைப் பாருங்கள். ரி-ஐ-ஓ-என் என்று முடிவது ஒரு கூட்டம், எம்-ஈ-என்-ரி என்று முடிவது இன்னொரு கூட்டம். இரண்டும் வினையைப் பெயராக்குகிற வால்கள். குடியேறு என்பது குடியேற்றம் ஆவதும், இடம்பெயர் என்பது இடப்பெயர்வு ஆவதும் போலத்தான். ஏ-பி-எல்-ஈ என்று முடிந்தால் ‘கூடிய’ என்று வைத்துக்கொள்ளலாம். ஐ-ரி-வை என்று முடிந்தால் ஒரு தன்மையின் பெயர். வாலுக்கு இவ்வளவு போதும். வால் கருத்தைச் சொல்லாது, சொல் வாக்கியத்தில் எந்தக் கதிரையில் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். ஆனால் வாலை வெட்டியதும் 14 எழுத்துச் சொல் 10 எழுத்தாகிவிடும். பாதிப் பயம் போய்விடும்.

மூன்றாம் படி: தலையைப் பிடியுங்கள்

யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகு, யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதியால் போய்வந்தவர்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் மூன்று சொற்கள் கண்ணில் பட்டிருக்கும். றிஹபிலிற்றேசன், றீகன்ஸ்ட்ரக்சன், றெகன்சிலியேசன். பலகைகளில், வாகனக் கதவுகளில், கூட்டப் பதாகைகளில், எங்கும் இவைதான். எண்ணிப் பாருங்கள், மூன்றுக்கும் சரியாக 14 எழுத்து. மூன்றும் ஆர்-ஈ என்று தொடங்கி, ரி-ஐ-ஓ-என் என்று முடிகின்றன. தலையும் வாலும் ஒன்று, நடு மட்டும் வேறு. படிப்பிக்கிறவருக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஆர்-ஈ என்றால் ‘மீண்டும்’. தமிழில் மீள், புனர் என்று வருவது இதுதான்.

றிஹபிலிற்றேசனின் நடுவில் இருப்பது ‘இயலுமான’ என்று பொருள்படும் லத்தீன் சொல். ஆங்கிலத்தில் சின்னப் பிள்ளையும் சொல்கிற ஏபிள் அதே வேரில் வந்ததுதான், தொடக்கத்து எச் மட்டும் உதிர்ந்துவிட்டது. ஆகவே, மறுபடி இயலச் செய்தல். புனர்வாழ்வு என்று மொழிபெயர்த்துவிட்டோம்.

றீகன்ஸ்ட்ரக்சனின் நடுவில் எஸ்-ரி-ஆர்-யு-சி-ரி. அடுக்கு, கட்டு என்று பொருள். இந்த ஆறு எழுத்தையும் பிடித்துக்கொண்டு தேடினால் ஒரு குடும்பமே எழுந்து வரும். ஸ்ட்ரக்சர் கட்டமைப்பு. இன்பிறாஸ்ட்ரக்சர், இதுவும் 14 எழுத்து, கீழே கிடந்து தாங்குகிற கட்டமைப்பு. ஒப்ஸ்ட்ரக்சன் குறுக்கே அடுக்கியது, அதாவது தடை. டிஸ்ட்ரக்சன் கட்டியதைக் கீழே இறக்குவது, அழிவு. அழிவுக்கும் மீள்கட்டுமானத்துக்கும் வயிறு ஒன்றுதான், தலைதான் வேறு என்று கண்டபோது வகுப்பில் கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.

றெகன்சிலியேசனில் நடுத்துண்டு ‘ஒன்றுசேர்’ என்பது. தலையோடு சேர்த்தால், முன்பு சேர்ந்திருந்தவர்கள் பிரிந்து மீண்டும் சேர்தல். தமிழில் நல்லிணக்கம் என்கிறோம். அதில் நல் உண்டு, இணக்கம் உண்டு, ‘மீண்டும்’ இல்லை. மொழிபெயர்த்தவர் மறந்து விட்டாரா, யோசித்து விட்டாரா என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

இதே சூட்டில் இன்னொரு சோடியையும் பார்த்துவிடுங்கள். டிஸ்பிளேஸ்மென்ற், றீசெற்றில்மென்ற். இரண்டும் 12 எழுத்து, இரண்டுக்கும் வால் எம்-ஈ-என்-ரி. டி-ஐ-எஸ் என்ற தலை ‘அகற்றி’ என்கிறது. இடத்திலிருந்து அகற்றி, பிறகு மீண்டும் இருத்தி. இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்படும் வரைக்கும் எங்கள் சனத்தின் கதை இந்த இரண்டு சொல்லுக்கிடையில்தான் கிடந்தது.

ஆர்-ஈ சில இடத்தில் ‘மீண்டும்’ ஆகாது, ‘பின்னுக்கு’ ஆகும். குளத்தைக் குறிக்கிற றிசர்வோயரில், தண்ணீரைப் பின்னுக்கு மறித்து வைத்தல் என்று வருகிறது. சில இடத்தில் அது தலையே இல்லை. றியாலிற்றியில் ஆர்-ஈயைக் கழற்றினால் மிச்சம் அர்த்தமில்லாத துண்டு. கழற்றிப் பார்த்து மிச்சத்துக்குப் பொருள் வருகிறதா என்று கேட்காமல் எந்தத் தலையையும் நம்பாதீர்கள்.

நான்காம் படி: ஆங்கிலத்திலும் புணர்ச்சி இருக்கிறது

என் மாணவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ஆகவே ஆறுதலாகப் போவோம்.

மரத்தோடு கள் சேர்ந்தால் மரம்கள் என்று நிற்காது, மரங்கள் ஆகும். ம் என்ற மெய் வருகிற ககரத்துக்கு இடங்கொடுத்து ங் ஆகிறது. ஆங்கிலத்தில் ஐ-என் என்ற தலையும் அப்படித்தான். அதற்கு ‘இல்லை’ என்று பொருள். பொசிபிள் முன்னால் வந்தால் இம்பொசிபிள் ஆகும். லீகல் முன்னால் வந்தால் இல்லீகல். றெகியுலர் முன்னால் வந்தால் இர்றெகியுலர். மெய் தன்னை மாற்றி அடுத்ததோடு ஒட்டிக்கொள்கிறது. இந்தச் சொற்களில் எல்லும் ஆரும் ஏன் இரட்டையாக வருகின்றன என்பதற்கும் விடை இதுதான். ஒன்று தலையினுடையது, மற்றது உடலினுடையது. நன்னெறியில் ஏன் இரண்டு னகர இனம் என்று தமிழ்ப் பாடத்தில் கேட்டால் நல், நெறி என்று பிரித்துக் காட்டுகிற பிள்ளை, இதையும் அப்படியே பிரிக்கலாம். இர்றெஸ்பொன்சிபிள் என்ற 13 எழுத்துச் சொல்லில் ஆர் ஒன்றா இரண்டா என்று இனிமேல் சந்தேகம் வரக்கூடாது.

இனிப் பொறி. இரணைமடுக் குளத்துக்குப் போகிற வழியில் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பலகையைப் பார்த்திருப்பீர்கள். இர்றிகேசன், 10 எழுத்து, அதிலும் ஆர் இரண்டு. ஒரு பிள்ளை கை உயர்த்திக் கேட்டாள்: “அப்ப ரீச்சர், தண்ணி இல்லை எண்டோ கருத்து?” சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. கமக்காரர் சிலர் அந்தக் கருத்தை ஏற்றுக்கொள்ளவும் கூடும். ஆனால் லத்தீனில் ஐ-என் என்று இரண்டு தலைகள் உண்டு. ஒன்றுக்கு ‘இல்லை’, மற்றதுக்கு ‘உள்ளே’. இர்றிகேசனில் உள்ளது இரண்டாவது, நிலத்துக்குள் நீரை விடுதல். இமிகிறேசனும் அந்த வகைதான், உள்ளே குடிபெயர்தல். கனடாவிலும் சுவிசிலும் சொந்தம் உள்ள வீடுகளில் அந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவைப்படாது.

இரண்டையும் பிரித்தறிய நான் சொல்லிக்கொடுக்கிற வழி இது. தலையைக் கழற்றுங்கள். மிச்சம் ‘எப்படிப்பட்டது’ என்ற கேள்விக்கு விடையாக நிற்கிற முழுச் சொல்லானால், தலை அநேகமாக ‘இல்லை’. மிச்சம் ஒரு செயலையோ இயக்கத்தையோ சொன்னால், தலை அநேகமாக ‘உள்ளே’. அநேகமாக என்று இரண்டு தரம் சொல்லியிருக்கிறேன். காரணம், இன்பிளேமபிள் என்ற சொல். இது பிளேமபிள் என்பதற்கு எதிர்ச்சொல் இல்லை. இரண்டுக்கும் ‘எளிதில் தீப்பற்றக்கூடிய’ என்ற ஒரே கருத்துத்தான். எண்ணெய்ப் பரலில் இந்தச் சொல்லைக் கண்டு, தீப்பற்றாதென்று நினைத்துப் பக்கத்தில் நெருப்புக்குச்சி உரசினால் என்ன நடக்கும்? அதனால்தான் பாதுகாப்பு விடயத்தில் கவனமானவர்கள் நீண்ட சொல்லை விட்டுக் குறுகியதையே எழுதச் சொல்கிறார்கள்.

ஐந்தாம் படி: மருந்துப் போத்தலில் ஒரு குடும்பம்

நெல் விதைக்கிற வீடுகளில் இந்தப் போத்தல்கள் இல்லாமல் இராது. இன்செக்ரிசைட், 11 எழுத்து, பூச்சிநாசினி. வீடிசைட், களைநாசினி, இதையே ஹேர்பிசைட் என்றும் எழுதுவார்கள். பங்கிசைட், பங்கசுநாசினி. பெஸ்ரிசைட், பீடைநாசினி. நான்கிலும் பொதுவாக உள்ளது சி-ஐ-டி-ஈ. பாடப்புத்தகத் தமிழில் நாசினி என்று எதைச் சொல்கிறோமோ அதுதான்.

இது லத்தீனில் வெட்டு, அடி, கொல் என்ற மூன்று கருத்தும் உள்ள ஒரு வினையிலிருந்து வந்தது. போத்தலோடு நின்றால் குடும்பம் முழுதாகத் தெரியாது. ஹொமிசைட் என்றால் மனிதக் கொலை. ஜெனசைட் என்றால் இனப்படுகொலை. இந்தச் சொல் பழைய சொல்லில்லை. போலந்து நாட்டு யூதச் சட்ட அறிஞர் ராபாயேல் லெம்கின், இனத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு இந்த லத்தீன் வாலை ஒட்டி உருவாக்கியது. 1944இல் அச்சில் வந்தது. எட்டே எழுத்து. நீளத்தில் சின்னச் சொல்தான்.

அடுத்தது பிள்ளைகள் நம்ப மறுக்கும் உறவு. டிசைட், தீர்மானி என்ற சொல். கடைசி நாலு எழுத்தைப் பாருங்கள், அதே சி-ஐ-டி-ஈ. தற்செயலில்லை, உண்மையான இரத்த உறவு. தீர்மானித்தல் என்றால் லத்தீன்காரருக்கு வெட்டி முடித்தல். எங்களுக்கும் ‘வெட்டொன்று துண்டிரண்டு’ என்றால் அதுதானே? தீர்ப்புக்கும் ஒருவரைத் தீர்த்துக்கட்டுவதற்கும் தமிழிலும் வேர் ஒன்றுதான்.

இன்செக்ற் என்ற சொல்லையும் விடாதீர்கள். எஸ்-ஈ-சி-ரி என்றாலும் வெட்டுத்தான், ஆனால் வேறொரு லத்தீன் வினை. பூச்சியின் உடல் துண்டுதுண்டாக வெட்டுப்பட்டதுபோல் இருப்பதால் அந்தப் பெயர். செக்சன் ஒரு வெட்டு, பிரிவு. உயர்தர உயிரியல் பிள்ளைகள் கரப்பானை அறுப்பது டிசெக்சன், அதில் எஸ் இரண்டு. ஏனென்று இனி நீங்களே சொல்வீர்கள்: டி-ஐ-எஸ்ஸின் எஸ் ஒன்று, செக்சனின் எஸ் ஒன்று.

இங்கேயும் பொறி ஒன்று உண்டு. கோஇன்சைட், ஒரே நேரத்தில் நிகழ். முடிவு சி-ஐ-டி-ஈ தான், ஆனால் இந்தக் குடும்பம் இல்லை. இது ‘விழு’ என்ற வேறு வினையிலிருந்து வந்தது, இரண்டு ஒன்றாக வந்து விழுதல். அக்சிடென்ற், இன்சிடென்ற் எல்லாம் இதன் சகோதரங்கள். முகச்சாயல் இருக்கிறதென்று எல்லாரையும் சொந்தமாக்க முடியாது.

ஆறாம் படி: கிளினிக் கொப்பி

பின்னேரம் ஒரு தாய் கிளினிக் கொப்பியோடு வந்தார். “ரீச்சர், இதில என்ன எழுதிக் கிடக்கு? சீனி கூடவாம் எண்டு எழுதியிருக்கோ, குறைவாம் எண்டோ?” ஹைப்போகிளைசீமியா, 13 எழுத்து. ஹைப்பர்கிளைசீமியா, 14 எழுத்து. இரண்டுக்கும் நடுவில் ஜி-எல்-வை-சி, இனிப்பு. முடிவில் ஏ-ஈ-எம்-ஐ-ஏ, இரத்தம். தலையின் முடிவில் ஓ வந்தால் கீழே, அதாவது குறைவு. ஈ-ஆர் வந்தால் மேலே, அதாவது கூட. ஓரிரண்டு எழுத்து வித்தியாசத்தில் இரண்டு எதிர்க் கருத்து. எழுத்தும் டொக்டரின் கையெழுத்து. “அக்கா, நான் சொல்லைத்தான் வாசிப்பன். வருத்தத்தை டொக்டரிட்டத்தான் கேக்கோணும்” என்று சொல்லித்தான் அனுப்பினேன். சொல்லை உடைக்கத் தெரிந்தது மருந்து சொல்வதற்கான உரிமை ஆகாது. ஆனால் கிளினிக்கில் சரியான கேள்வியைக் கேட்க அது உதவும்.

அந்த ஏ-ஈ-எம்-ஐ-ஏ எங்கே வந்தாலும் இரத்தம். அனீமியா, இரத்தம் போதாமை. லூக்கீமியா, வெள்ளை இரத்தம். இதை அமெரிக்கர் ஏ இல்லாமல் எழுதுவார்கள், நாங்கள் பிரித்தானிய முறையில் ஏயோடு எழுதுவோம். கைபேசியில் தேடும்போது இரண்டும் வரும், குழம்பாதீர்கள்.

ஐ-ரி-ஐ-எஸ் என்று முடிந்தால் அழற்சி. காஸ்ரோஎன்ரறைரிஸ், 15 எழுத்து: இரைப்பை, குடல், அழற்சி. சாதாரண வயிற்றோட்டத்துக்குப் பட்டுவேட்டி கட்டிய பெயர். ஆர்த்திரைரிஸ் மூட்டழற்சி. ஓ-எஸ்-ஐ-எஸ் என்று முடிந்தால் ஒரு நோய்நிலை. வயலில் இறங்குமுன் சுகாதாரப் பரிசோதகரிடம் குளிசை வாங்குகிறோமே, அந்த எலிக்காய்ச்சலின் பெயர் லெப்ரோஸ்பைறோசிஸ், 13 எழுத்து. லெப்ரோ என்றால் மெல்லிய, ஸ்பைறோ என்றால் சுருள். நுணுக்குக்காட்டியில் அந்தக் கிருமி மெல்லிய சுருளாகத் தெரிவதால் வந்த பெயர். எலியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. சிறுநீரகத்துக்கு நெப்றோ, அதைப் படித்தவர் நெப்றோலொஜிஸ்ற். இந்த வரிசையை நீட்டிக்கொண்டே போகலாம், கொப்பியில் உள்ளதோடு நிறுத்துங்கள்.

உடையாத சொற்களும் உண்டு

சி-ஏ-ரி-ஏ என்று தொடங்கும் சொற்களில் அந்தத் தலை கிரேக்கம், ‘கீழே’ என்று பொருள். கற்றாஸ்ற்றொபி, 11 எழுத்து, கீழ்நோக்கிப் புரளல், பேரழிவு. 2004 மார்கழியில் முல்லைத்தீவுக் கரைக்கு வந்த ஆழிப்பேரலையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதினால் இந்தச் சொல் வராமல் இராது. இப்போது கற்றமறான் என்ற சொல்லை எடுங்கள். அதே சி-ஏ-ரி-ஏ. கெட்டிக்காரப் பெடியன் ‘கீழே’ என்று தொடங்கி மறானில் நின்று தலையைச் சொறிவான். கிரேக்கத்தில் தேடிப் பிரயோசனமில்லை, அது எங்கள் கட்டுமரம். மலிகற்றோனி என்று 12 எழுத்தில் ஒரு சூப் இருக்கிறது. அது மிளகுத்தண்ணி. இந்த வகைச் சொல்லை ஆங்கிலேயரைவிட நாங்கள்தான் வடிவாக உடைப்போம்.

கொப்பியை எப்படி வைப்பது

அகரவரிசையில் வேண்டாம். ஓர் எழுத்துக்கூட்டத்துக்கு ஒரு தாள். மேலே கூட்டம், அதன் கருத்து, கீழே சொற்கள். தாளின் பின்பக்கத்தில் பொறிகள்: கோஇன்சைட், றியாலிற்றி, கற்றமறான். பரீட்சைக்கு முதல்நாள் பின்பக்கத்தைத்தான் அதிகம் பார்க்க வேண்டும். சந்தேகமான சொல்லுக்கு, வேர் தருகிற அகராதியைத் திறந்து அந்தச் சின்ன எழுத்துப் பகுதியை வாசியுங்கள், பலர் கண்ணிலேயே படாத பகுதி அது. ஒன்லுக் என்ற இணைய அகராதியில் ஒரு நட்சத்திரக் குறி போட்டுப் பின்னால் நாலு எழுத்தைக் கொடுத்தால், அந்த எழுத்துகளில் முடிகிற சொற்களைக் கொட்டும். எல்லாவற்றையும் அள்ளாமல் தெரிந்த ஐந்தை மட்டும் எடுங்கள்.

களைத்த நேரத்தில் விளையாட: வணிகப் பிரிவுப் பிள்ளைகளின் புக்கீப்பிங்கில் மூன்று இரட்டை எழுத்துகள் அடுத்தடுத்து வருகின்றன. எடியுகேசனின் ஒன்பது எழுத்தில் ஐந்து உயிரும் உண்டு. அன்கொப்பிறைற்றபிளின் 15 எழுத்தில் ஒன்றுகூட இரண்டாம் முறை வருவதில்லை. இவற்றால் புள்ளி கூடாது, நித்திரை போகும்.

கடைசிப் பயிற்சி

1935இல் அமெரிக்கப் புதிர்க்காரர் சங்கத் தலைவர் எவரெற் சிமித் வேண்டுமென்றே நீட்டிச் செய்த சொல் ஒன்றுண்டு. 45 எழுத்து. கரும்பலகையில் ஒரு வரியில் அடங்காமல் இரண்டாம் வரிக்குப் போனது. நியூமோனோ-அல்ற்றா-மைக்றோஸ்கொப்பிக்-சிலிக்கோ-வொல்கேனோ-கோனி-ஓசிஸ். தொடக்கத்தில் 12 எழுத்துக்கு ‘ஐயோ’ என்ற அதே பெடியனைத்தான் எழுப்பினேன்.

அவன் வாலிலிருந்து வந்தான். “ஓசிஸ், வருத்தம். லெப்ரோஸ்பைறோசிஸில வந்தது.” கோனி அவனுக்குத் தெரியாது, தூசி என்று சொன்னேன். வொல்கேனோ எரிமலை என்றான். சிலிக்கோ, “மண்ணில இருக்கிற சிலிக்கா?” ஓம். மைக்றோஸ்கொப்பிக், நுணுக்குக்காட்டியால் பார்க்கிறது. அல்ற்றா, அதுக்கும் மிஞ்சினது. நியூமோனோவில் கொஞ்சம் நின்றான். பின்வாங்கிலிருந்து ஒருத்தி “நியூமோனியா” என்றாள். “நுரையீரல்!”

கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் தூசியால் நுரையீரலுக்கு வருகிற வருத்தம். கல்லுடைக்கிற ஆலையில் முகத்தைத் துணியால் கட்டி வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்த விடயம்தான், சிலிக்கோசிஸ் என்ற சின்னப் பெயரில்.

சொல்லை முழுதாக உடைத்தவன் முதல் எழுத்தில் மாட்டுப்பட்டான். பேப்பரில் வருகிற பி அங்கே நிற்கிறது, வாயில் வரவில்லை. ஏனென்று கேட்டான். கிரேக்கர் அந்தப் பியையும் சேர்த்துத்தான் உச்சரித்தார்கள். ஆங்கிலேயருக்கு நாக்குப் புரளவில்லை, எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

“அப்ப எங்களுக்கு மட்டுமில்லை, அவைக்கும் கஷ்டந்தான் என்ன ரீச்சர்?” என்றான்.